மகள் வாசிப்பது இசைதானா? மனையை விற்கலாமா?

கேள்வி:

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு இருபது வயது, பி.காம். கடைசி வருஷம். எட்டாம் வகுப்பிலிருந்து செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் வாசிக்கிறாள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிற பெரியவர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். மேற்கத்திய இசைப் பரீட்சையில் எட்டாம் கிரேடு நல்ல மார்க்கில் முடித்துவிட்டாள். கேரல் ஆராதனையில் அவள் வாசிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும். ஒரு வருஷமாக அந்த வாசிப்பெல்லாம் குறைந்துபோயிற்று. சமகால இசை என்று சொல்லிக் கம்பியை வில்லால் அறுக்கிறாள், பலகையைத் தட்டுகிறாள். ராத்திரி பதினோரு மணி வரை இதுதான். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய் இதிலேயே மாஸ்டர்ஸ் படிக்க வேண்டுமாம். அவள் கல்யாணத்துக்கென்று தென்காசி ரோட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். அதை விற்கலாமா? முதலில் இது இசைதானா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? அவள் அம்மா பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறாள்.

பதில்:

அண்ணாச்சிக்கு வணக்கம். நானும் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள்தான். சென்னையில் செல்லோ கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக எழுதப்படும் இசையை வாசிப்பதுதான் என் மனசுக்கு நெருக்கமான வேலை. அந்தப் பிரியத்தோடுதான் பதில் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மனை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இப்போது விற்காதீர்கள். விற்றுப் பணத்தோடு போனாலும் அவள் கேட்கிற படிப்பில் அவளைச் சேர்க்கமாட்டார்கள். ஜெர்மனியில் சமகால இசைக்கென்று இருக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகள், வாத்திய இசையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கானவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் என்சாம்பிள் மாடர்ன் என்ற குழுவின் அகாடமி அங்குள்ள இசைக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் படிப்பும் அப்படித்தான். பி.காம். பட்டம் அந்தக் கணக்கில் வராது. அவள் அங்கே இளங்கலையில் சேர்ந்து, பொதுவாக நான்கு வருஷம், பழைய இசையை ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கும் வாசித்துக் காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. பழைய ஐரோப்பிய மேதை பாக் எழுதிய தனிச் செல்லோ சூட்டுகளில் (பல பகுதிகள் கொண்ட படைப்புகள்) ஒரு பகுதி, ஹைடன் போன்றவர்கள் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்க எழுதிய கான்செர்ட்டோ ஒன்று, பாப்பர் எழுதிய பயிற்சிகளில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று என்று கேட்பார்கள். எட்டாம் கிரேடு முடித்த பிள்ளைக்கும் அந்தத் தேர்வுக்கும் நடுவில், நல்ல ஆசிரியரிடம் தினமும் உழைத்தால், இரண்டு வருஷ தூரம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

செலவையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான அரசு இசைக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வேறு சில கல்லூரிகளும் வாங்குகின்றன. சாப்பாடும் வாடகையும்தான் பெரிய செலவு. விசாவுக்காக ஒரு வருஷச் செலவை வங்கியில் முடக்கி வைத்துக் காட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல். விமானத்தில் செல்லோவுக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இவ்வளவையும் நுழைவுத் தேர்வில் தேறிய பிறகு யோசித்தால் போதும். அப்போதுகூட மனையை விற்பதற்கு முன்னால், அதைக் காட்டிக் கல்விக் கடன் வாங்க முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் மனசு வருந்திக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது இசைதானா?

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹெல்முட் லாஹன்மான் 1969-இல் தனிச் செல்லோவுக்கென்று 'பிரஸ்ஸியோன்' என்று ஒன்று எழுதினார். அதன் நொட்டேஷனைப் பார்த்தால் முதலில் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்றே தெரியாது. வலது கை கம்பியின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், வில்லை எவ்வளவு அழுத்த வேண்டும், இடது கை எங்கிருந்து எங்கே வழுக்கிப் போக வேண்டும் என்பதுதான் எழுதியிருக்கும். நாம் வழக்கமாகக் கேட்கும் செல்லோ ஒலிக்குப் பின்னால் வில்லில் கட்டிய குதிரை முடி, மரம், முடியில் தேய்க்கும் ரோசின் பிசின், மனிதக் கையின் பலம் எல்லாம் இருக்கின்றன. மற்ற இசை அவற்றை மறைத்துவிட்டு நாதத்தை மட்டும் தருகிறது. இவர் அந்த உழைப்பையே கேட்க வைத்தார். உங்கள் மகள் கம்பியை அறுப்பதாக நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இதுவாகவோ இதன் வழியில் வந்த ஒன்றாகவோ இருக்கும். அதில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கால அளவு உண்டு. மனம்போனபடி வாசிக்க அதில் இடமே கிடையாது.

கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் வாசித்த எல்லாவற்றையும் நானும் விரும்பியதில்லை. புதிதாக எழுதப்படுவதில் பெரும்பகுதி காலத்தில் நிற்காது. பாக் காலத்தில் எழுதப்பட்டதிலும் பெரும்பகுதி நிற்கவில்லை. நிற்கப்போவது எது என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும், அதை வாசிக்க ஒருவர் வேண்டும். ஹங்கேரியில் ஸோல்டான் கோடாய் 1915-இல் ஒரு தனிச் செல்லோ சொனாட்டா எழுதினார். தடித்த இரண்டு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியது அது. எழுதப்பட்ட காலத்தில் விநோதமாகத் தோன்றிய அந்தச் சொனாட்டாவை இன்றைக்குப் போட்டிகளில் இளம் செல்லோக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

நம் சீமைக்கும் இது புதிய கதை இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். பிறகு எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்தார். அன்றைக்கு அது அந்நியப் பெட்டி. இன்றைக்கு வயலின் இல்லாமல் கச்சேரி மேடையை நினைத்துப் பார்க்க முடியுமா? தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதாடி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலையே வெளியிட்டவர். இன்றைய செல்லோ நொட்டேஷனில் கால் சுரங்கள் தாராளமாக வருகின்றன. ஸ்தாயியை 24 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி போட்டிருப்பார்கள். மேற்கில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கால் சுரத்தைப் பிடிக்கக் காதைப் புதிதாகப் பழக்க வேண்டும். கமகத்தைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது ஓரளவு முன்னமே காதில் விழுந்தது.

இந்த இடத்தில் ரோஹன் டி சேரம் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இலங்கைக்காரர். பாளையங்கோட்டையிலிருந்து பார்த்தால் டெல்லியைவிடக் கொழும்புதான் பக்கம். 1939-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பிறந்து, இலங்கையில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோதே இத்தாலிக்குப் போய் காஸ்பார் கஸ்ஸாதோவிடம் செல்லோ படித்தார். பின்னால் பாப்லோ கசால்ஸிடமும் பாடம் கேட்டார். அதாவது, பழைய இசையில் அந்தக் காலத்தில் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த கல்வி. அதற்குப் பிறகுதான் லண்டனில் அர்திட்டி குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவில் சேர்ந்து கால் நூற்றாண்டு காலம், 2005 வரை வாசித்தார். புதிய இசைக்கென்றே வாழ்கிற குழு அது. வாசிக்க முடியாது என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்ததையெல்லாம் எடுத்து வாசித்தார்கள்.

அவருக்கு இன்னொரு வித்தை தெரியும். சின்ன வயதில் கண்டி நாட்டு மேளம் கற்றவர், பெரிய செல்லோக்காரரான பிறகும் அதை விடவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ தனி வாத்தியங்களுக்கு 'செக்குவென்சா' என்ற வரிசையில் எழுதிக்கொண்டு வந்தார். அந்த வரிசையில் பதினான்காவதுதான் செல்லோவுக்கு எழுதியது. 2002-இல் அதை டி சேரத்துக்காக எழுதினார். அதில் செல்லோக்காரர் விரல்களால் பலகையிலும் கம்பியிலும் தட்டித் தாளம் எழுப்ப வேண்டும். அந்தத் தாளம் கண்டி மேளத்திலிருந்து வந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் செல்லோ மாணவர்கள் அதை உட்கார்ந்து சாதகம் பண்ணுகிறார்கள். டி சேரம் 2024-இல் காலமானார். அவர் ஊர் மேளம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

உங்கள் மகள் பலகையைத் தட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அவள் எதைத் தட்டுகிறாள் என்று நான் கேட்க விரும்புகிறேன். யூடியூபில் கேட்டதையா, நம் ஊரில் கேட்டதையா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தத் தொழிலின் அடிப்படை இதில்தான் இருக்கிறது. ஹைடன் கான்செர்ட்டோவை உங்கள் மகளைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் ஐரோப்பாவில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். சமகால இசையில் ஒரு செல்லோக்காரரின் பெயர் நிற்பது, அவருக்கென்று எழுதப்பட்டவற்றால். பலசரக்குக் கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கம்பெனிச் சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும், உங்கள் கடையைத் தேடி ஆள் வருவது நீங்களே வறுத்து அரைத்து விற்கும் பொடிக்குத்தான். உங்கள் மகளுக்கு அந்தப் பொடி எது என்பதை அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஜெர்மனிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் வாத்தியம் அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என இரண்டு மகுடங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லில் விழும்போது ஒரு ஒலி, மணிகள் குலுங்கும்போது இன்னொரு ஒலி, அடியில் குடம் தருகிற ஒலி வேறு. செல்லோவின் கம்பியை வில்லின் மரத்தால் தட்டி வாசிக்கும் முறை தெரிந்தவளுக்கு இவையெல்லாம் நேரடிப் பாடம். இவையெல்லாம் நடக்கிற அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போவதில் உங்கள் வீட்டில் தயக்கம் இருக்கலாம், எனக்குப் புரிகிறது. தாளம் கேட்கத்தான் போகிறாள். தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் கலைஞர்களைச் சந்திக்க வழி சொல்வார்கள் என்று நம்புகிறேன். திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கம் இருக்கிறது. தகதிமி என்று தாளத்தைச் சொல்லும் சொற்கட்டு வாயில் வரும் அளவுக்குக் கற்றுக்கொண்டால் போதும். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் புதிய இசை வாசிக்கும் மாணவர்களுக்கு நம் கர்நாடக இசையின் தாளக் கணக்கைப் பாடமாகவே வைத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். ஐந்தும் ஏழும் மாறி மாறி வரும் நொட்டேஷனைப் படிக்க அவ்வளவு உதவுகிற வித்தை அது. நம் பிள்ளை அதை ஜங்ஷனுக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரத்திலேயே கற்கலாம்.

பிழைப்பு. இதில் நான் எதையும் மறைக்கமாட்டேன். நம் நாட்டில் சமகால இசை வாசிப்பதற்கு மாதச் சம்பளம் கிடையாது. என் வருமானத்தில் பெரும்பங்கு பாடம் சொல்லிக்கொடுப்பதில் வருகிறது. அடுத்தது ஸ்டுடியோ ரெக்கார்டிங். புதிய இசைக் கச்சேரி வருமானத்தில் மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் என் நேரத்தில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போகிறது. பன்னிரண்டு நிமிஷப் படைப்பு ஒன்றைக் கையில் ஏற்ற வாரக்கணக்காகும். அதை ஒரே ஒரு முறை மேடையில் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியும் வரும். இதைத் தாங்குகிற மனசு அவளுக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் மேல். பாரிஸில் இசையமைப்பாளர் பியர் பூலே 1976-இல் தொடங்கிய என்சாம்பிள் இன்டர்கான்டம்பொரன் குழுவில் 31 பேருக்கு நிரந்தர இடம். நான் மேலே சொன்ன என்சாம்பிள் மாடர்ன் 1980-இல் தொடங்கியது. அதில் முதலாளி என்று யாரும் இல்லை, வாசிப்பவர்களே பங்குதாரர்கள், எதை வாசிப்பது, வரவு செலவு எல்லாம் அவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். பி.காம். படித்த செல்லோக்காரிக்கு அப்படிப்பட்ட இடத்தில் தனி மதிப்பு உண்டு, அந்தப் படிப்பை வீண் என்று அவள் நினைக்க வேண்டாம். ஆனால் இந்த இடங்கள் மிகச் சில. பெரும்பாலானவர்கள் அங்கும் பாடம் சொல்லிக்கொடுத்து, இசைக்குழுக்களில் வாசித்து, அதோடு இதைச் செய்கிறார்கள். ஸீக்ஃப்ரீட் பால்ம் என்று ஒரு ஜெர்மானியச் செல்லோக்காரர் இருந்தார், 1927-இல் பிறந்தவர். இசையமைப்பாளர்களான லிகெட்டியின் செல்லோ கான்செர்ட்டோ, செனாகிஸின் 'நோமோஸ் ஆல்ஃபா', பெண்டெரெட்ஸ்கியின் படைப்புகள் என்று 1960-களில் எழுதப்பட்ட அரும்பெரும் செல்லோ இசை அவரை நம்பி எழுதப்பட்டது. அவர் அந்தக் காலத்தில் ஹாம்பர்க்கிலும் கொலோனிலும் வானொலி இசைக்குழுவில் முதல் செல்லோவாக உட்கார்ந்து பிராம்ஸும் பீத்தோவனும் வாசித்துக்கொண்டிருந்தவர். சம்பளம் அங்கே, துணிச்சல் இங்கே. அம்மாவிடம் இதைச் சொல்லலாம். வேலையும் இந்த இசையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

பேங்க் பரீட்சை பற்றி மட்டும் என் கருத்து வேறு. வேலைக்காக அல்ல, வயசுக்காகச் சொல்கிறேன். கைவிரல்களில் இந்த வித்தை படிகிற பருவம் இது. காலை முதல் மாலை வரை கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு வந்து நான்கு மணி நேரம் சாதகம் பண்ண முடியாது. இரண்டு வருஷம் கொடுங்கள். அந்த இரண்டு வருஷமும் அவள் சும்மா இருக்க வேண்டாம். வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் செல்லோ, நொட்டேஷன், கிரேடு பரீட்சைப் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும். தன் ஆசிரியர் கட்டணத்தை அவளே சம்பாதிப்பாள்.

அந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு நிபந்தனை நீங்கள் போடலாம், நியாயமானது: கோயில் பாடகர் குழுவை விடக் கூடாது. பக்திக்கு மட்டும் சொல்லவில்லை. நடத்துபவர் கையைப் பார்த்து வாசிப்பது, நான்கு குரலுக்குக் கீழே சுருதி பிசகாமல் நிற்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கிடைக்கிற பாமாலையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, இந்தப் பழக்கமெல்லாம் பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. பழையதில் அலுத்துப்போய்ப் புதியதுக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் கை சீக்கிரமே தடுமாறிவிடுகிறது. பாக்கை நன்றாக வாசிக்கிறவள் கம்பியை அறுக்கும்போதுதான் அந்த அறுப்பில் அர்த்தம் கேட்கிறது.

செலவழிக்க நினைத்தால் இவற்றுக்குச் செலவழியுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் வேண்டும். மாதம் ஒரு முறை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னையில் நேரில் பாடம், நடுவில் இணையத்தில் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதாக ஒரு விலை குறைந்த வில். மரத்தால் தட்டுவதற்கும் அளவுக்கு மீறி அழுத்துவதற்கும் நல்ல வில்லைப் பயன்படுத்தினால் மரம் தேயும், முடி அறும். நாங்கள் எல்லோருமே இதற்கென்று வேறு வில் வைத்திருக்கிறோம். ராத்திரி வாசிப்புக்கு ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் மாட்டச் சொல்லுங்கள், அக்கம்பக்கம் தூங்கும். சித்திரை வெயிலில் வாத்தியத்தை மாடி அறையில் வைக்க வேண்டாம், பசை இளகி ஓரம் பிரிந்துவிடும்.

அப்புறம், ஒரு இசையமைப்பாளர். சென்னையில் இசையமைப்புப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவள் வயசுக்காரர்கள். அவர்களில் ஒருவரிடம் மூன்று நிமிஷத்துக்குத் தனிச் செல்லோவுக்கு ஒன்று எழுதச் சொல்லட்டும். சின்னத் தொகையாவது கொடுத்துத்தான் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை நீங்கள் கொடுத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். மகுடத்தை ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு போய் அவரிடம் போட்டுக் காட்டட்டும். கூட வாசிக்க ஆள் வேண்டுமென்றால், அமெரிக்க நால்வர் குழுவான க்ரோனோஸ் குவார்ட்டெட் இளம் குழுக்களுக்கென்று 50 படைப்புகளை எழுத வைத்து, நொட்டேஷனை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்குத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு உங்கள் மகளை ஒரு வீடியோ எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். போன் கேமரா போதும். வெட்டி ஒட்டாமல் ஒரே டேக்கில் இருக்கட்டும், இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பாக் சூட்டில் ஒரு பகுதி, ராத்திரி அவள் வாசிக்கிற அந்தப் புதியது ஒன்று. இரண்டையும் கேட்டுவிட்டு, எந்த ஆசிரியரிடம் போகலாம், எந்தக் கல்லூரிக்கு முதலில் முயற்சி செய்யலாம் என்று அவளுக்கே எழுதுகிறேன்.